மந்திரக் கரண்டியின் விலை: விளையாட்டுக் களஞ்சியங்களிற் பண்டமும் கற்பனையும்

1

இலக்கிய விமர்சனம் காவியம், நாவல், சிறுகதை, கவிதை என்பவற்றோடு நின்றுவிடவேண்டிய ஒன்றன்று என்பது இன்று பொதுவாக ஏற்கப்பட்ட கருத்தாகும். மக்கள் தம் ஓய்வு நேரத்திற் கற்பனை செய்வன யாவும், அவை எவ்வளவு அற்பமானவையாகத் தோன்றினும், சமூக உறவுகளின் தடங்களைத் தாங்கியே நிற்கின்றன. இக்கட்டுரையில் நாம் ஆராய முற்படுவது அத்தகைய அற்பமெனத் தோன்றும் ஒரு நூல்வகையையே. அமெரிக்க ஐக்கிய நாட்டிலே தோன்றிய பாத்திரமேற்பு மேசை விளையாட்டுகளுக்கென எழுதப்பட்ட மந்திரப் பொருட் களஞ்சியங்களே அவை.

விளையாட்டின் இயல்பை முதலிற் கூறிவிடுதல் பொருத்தமாகும். ஐவரோ அறுவரோ ஒரு மேசையைச் சுற்றி அமர்கின்றனர். ஒவ்வொருவரும் வீரன், மந்திரவாதி, கள்வன் என ஒரு கற்பனைப் பாத்திரத்தை ஏற்கின்றனர். அவருள் ஒருவர் ஆட்ட நடத்துனராக இருந்து உலகையும் அதன் ஆபத்துகளையும் விபரிக்கின்றார். வெற்றியும் தோல்வியும் பெரும்பாலும் பகடையால் நிர்ணயிக்கப்படுகின்றன. கதை வாய்மொழியாகவே வளர்கின்றது. 1974ஆம் ஆண்டில் விஸ்கொன்சின் மாநிலத்தின் லேக் ஜெனீவா என்னும் சிற்றூரிலிருந்து கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இருவரின் ஆக்கமாக வெளிவந்த 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' இவ்வகையின் முதல் நூலாகும். மூன்று சிறு புத்தகங்களாக அமைந்த அதன் இரண்டாம் புத்தகம் அரக்கரையும் புதையலையும் பற்றியது. அப்புதையற் பட்டியலிலிருந்தே நாம் ஆராயும் களஞ்சியங்கள் யாவும் கிளைத்தன.

இவற்றைப்பற்றி இரு மனப்பாங்குகள் நிலவுகின்றன. இவை வெறும் தப்பியோடல் இலக்கியம், முதலாளித்துவ சமூகம் தன் இளைஞருக்கு ஊட்டும் அபின் என்று ஒதுக்கிவிடுவது ஒன்று. முற்போக்கு வட்டாரங்களில் இதனை நாம் அடிக்கடி கேட்கின்றோம். இவை கட்டற்ற கற்பனையின் விளைநிலம், இங்கு சமூகவியலுக்கு இடமேயில்லை என்பது மற்றது. இவ்விளையாட்டின் அன்பர் கூறுவது இது. இரு சாராரும் ஒரு காரியத்தைச் செய்யவில்லை. அவர்கள் இந்நூல்களைப் படிக்கவில்லை; படித்தாலும் அவற்றின் விலைப்பத்தியைப் பார்க்கவில்லை. எமது விசாரணை அந்த விலைப்பத்தியிலிருந்தே தொடங்குகின்றது.

2

1979ஆம் ஆண்டு வெளிவந்த 'டன்ஜன் மாஸ்டர்ஸ் கைட்' என்னும் ஆட்ட நடத்துனர் கைநூலில் மந்திரப் பொருட்கள் அட்டவணைகளாக வகுக்கப்பட்டுள்ளன. பகடையை உருட்டினால் எண்ணுக்கு ஏற்ப ஒரு பொருள் கிடைக்கும். ஒவ்வொரு பொருளுக்கும் எதிரே பொதுவாக இரு எண்கள் காணப்படும். ஒன்று அனுபவப் புள்ளி, மற்றது பொற்காசில் விற்பனை விலை. அனுபவப் புள்ளிகளே பாத்திரத்தின் வளர்ச்சியை அளப்பன. அவை சேரச்சேரப் பாத்திரம் படிநிலையில் உயரும். அன்றைய விதியின்படி ஈட்டிய ஒரு பொற்காசு ஓர் அனுபவப் புள்ளிக்குச் சமம். முதற்படியிலுள்ள மந்திர வாளொன்றை எடுத்துக்கொள்வோம். அதனைத் தன்னிடம் வைத்துப் பயன்படுத்தும் வீரனுக்கு 400 புள்ளி கிடைக்கும். விற்றுவிடுபவனுக்கு 2,000 பொற்காசும், அதன்வழி 2,000 புள்ளியும் கிடைக்கும்.

இதன் பொருளை நாம் ஊன்றி நோக்கவேண்டும். ஒரே வாளுக்கு இரு பெறுமதிகள் உள்ளன. பயன்பாட்டின் பெறுமதி 400, பரிமாற்றத்தின் பெறுமதி 2,000. வாளை ஏந்திப் போராடுபவனிலும் பார்க்க அதனைச் சந்தைக்குக் கொண்டுசெல்பவனே ஐந்து மடங்கு 'அனுபவசாலி' ஆகின்றான். பயன்பெறுமதிக்கும் பரிமாற்றப் பெறுமதிக்கும் இடையிலான வேறுபாட்டை விளக்குவதற்கு மார்க்சியப் பாடநூல் ஒன்று இதனிலும் தெளிவான உதாரணத்தைத் தேடிப்பிடித்தல் அரிது. கைகாக்ஸ் இதனை உணர்ந்து எழுதினார் என்று நாம் கூறவில்லை. பண்ட உறவுகள் இயல்பானவையாகத் தோன்றும் ஒரு சமூகத்தில் வாழ்ந்தவர், மாய உலகொன்றைப் படைக்கையிலும் அவற்றை அதனுள் எடுத்துச்சென்றார் என்பதே எமது கருத்து.

1989இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பு விற்பனை விலைகளை நீக்கிற்று. மந்திரப் பொருட்களைக் கடையில் வாங்கும் வழக்கத்தை அக்கைநூல் ஊக்குவிக்கவில்லை. மந்திரம் விற்பனைச் சரக்காகிவிட்டால் வியப்பு மறைந்துவிடும் என்ற அச்சம் இதன் பின்னணியில் இருந்திருக்கலாம். ஆயின் இவ்வுறுதி நெடுநாள் நிலைக்கவில்லை. அதே பதிப்பகமான ரி.எஸ்.ஆர். 1994, 1995ஆம் ஆண்டுகளில் 'என்சைக்ளோபீடியா மஜிகா' என்னும் பெருங்களஞ்சியத்தை நான்கு தொகுதிகளாக வெளியிட்டது. இருபது ஆண்டுக் காலத்திற் கைநூல்களிலும், சாகசக் கதை ஏடுகளிலும், 'டிராகன்' என்னும் சஞ்சிகையிலும் வெளியான மந்திரப் பொருட்கள் அதில் ஒருங்கே தொகுக்கப்பட்டன. தோலையொத்த கட்டமைப்பும் அகரவரிசை ஒழுங்கும் கொண்ட அத்தொகுதிகள் வேதநூலின் தோற்றத்தைப் பெற்றன. அப்பதிவுகளிலே பொற்காசு விலையும் மீண்டும் வந்து அமர்ந்தது.

கலைக்களஞ்சியம் என்ற பெயர் எமக்கு மற்றொரு கலைக்களஞ்சியத்தை நினைவூட்டுகின்றது. 1751ஆம் ஆண்டிலிருந்து பிரான்சில் திதரோ முதலியோர் வெளியிட்ட பெருங்களஞ்சியமே அது. லாங்கர் நகரைச் சேர்ந்த கத்தி செய்யும் கைவினைஞரின் மகன் திதரோ. அவர் தம் களஞ்சியத்தின் படத் தொகுதிகளிலே கொல்லரையும் நெசவாளரையும் கண்ணாடி ஊதுவோரையும் அவர்தம் கருவிகளோடும் தொழிற்சாலைகளோடும் காட்டினார். எழுச்சிபெற்று வந்த ஒரு வர்க்கம் உழைப்பை மதித்து, பொருள் எவ்வாறு ஆக்கப்படுகின்றது என்பதை உலகுக்குக் காட்டிய ஆவணம் அது. மந்திரக் களஞ்சியத்தில் நூற்றுக்கணக்கான வாட்கள் உள்ளன, கொல்லன் இல்லை. பொருளுக்குப் பெயர் இருப்பின் அது பெரும்பாலும் மந்திரவாதியொருவனின் பெயராகவே இருக்கின்றது. இரும்பைத் தோண்டியவனும் உலையை ஊதியவனும் தோலைப் பதனிட்டவளும் அகரவரிசையில் எவ்வெழுத்தின் கீழும் இடம்பெறவில்லை. வளர்ச்சிக் காலத்து முதலாளித்துவத்தின் களஞ்சியத்துக்கும் அதன் பிற்காலக் களஞ்சியத்துக்கும் உள்ள வேறுபாடு இதுவெனலாம்.

3

மந்திரம் உழைப்பிலிருந்து என்றும் இவ்வாறு பிரிந்து நின்றதில்லை. கைலாசபதி, சிவத்தம்பி ஆகியோர் வாயிலாக எமது வாசகர் நன்கறிந்த ஜோர்ஜ் தொம்சன், புராதன சமூகத்தில் மந்திரம் உழைப்பின் ஒரு பகுதியாக இருந்ததை எடுத்துக்காட்டியுள்ளார். இயற்கையை வெல்லும் உண்மையான தொழில்நுட்பம் போதாதிருந்தபோது, அக்குறையை நிரப்பும் பாவனைத் தொழில்நுட்பமாக அது விளங்கிற்று. பாவனையால் மழை வரவில்லை. ஆயினும் அதில் ஈடுபட்ட கூட்டத்தார் புதிய உறுதியுடன் வயலுக்குச் சென்றனர். எனவே மந்திரம் பொய்யாயினும் அதன் விளைவு பொய்யன்று.

வர்க்க சமூகத்தின் நாட்டார் கதைகளில் இம்மந்திரம் ஒரு பொருளினுட் குடியேறுகின்றது. கிறிம் சகோதரர் 1812இல் வெளியிட்ட தொகுதியில் மூன்று சகோதரரின் கதை உண்டு. தச்சுத்தொழில் கற்றவனுக்குத் தானே உணவு பரப்பும் மேசையும், ஆலைத்தொழில் கற்றவனுக்குப் பொன் உமிழும் கழுதையும், கடைசல்வேலை கற்றவனுக்குச் சாக்கினுள் இருந்து தானே அடிக்கும் தடியும் அவரவர் எசமானரால் வழங்கப்படுகின்றன. தொழில் பழகி முடித்தமைக்கான வெகுமதிகள் இவை. மேசையையும் கழுதையையும் சத்திரக்காரன் திருடுகின்றான். தடி அவற்றை மீட்டுத் தருகின்றது. உழைத்தவனுக்கு உரியதை இடைத்தரகன் அபகரித்தலும் அதனைத் தடியால் மீட்டலும் அன்றைய தொழிலாளரின் ஆசையல்லாமல் வேறென்ன? இக்கதையில் மந்திரப் பொருளுக்கு விலை இல்லை. ஆனால் அதற்கு உரிமையாளன் உண்டு; அவன் உழைத்தவன்.

எமது வாசகர் மனத்தில் இவ்விடத்தில் மணிமேகலையின் அமுதசுரபி தோன்றுதல் இயல்பே. மணிமேகலை நாட்டார் கதையன்று. வணிக வர்க்கத்தின் ஆதரவு பெற்ற பௌத்த அறக் காவியம் அது. பசிக்கான காரணத்தை அது சமூக அமைப்பிலன்றி வினையிலேயே காண்கின்றது. இவ்வரையறைகளை ஏற்றுக்கொண்டே ஒன்றைக் கூறவேண்டும். மந்திரப் பொருளின் பயன்பெறுமதி பற்றி அக்காவியத்திற் கூர்மையான சிந்தனை உண்டு. ஆபுத்திரன் சிந்தாதேவியிடம் பெற்ற பாத்திரத்தாற் பசித்தோர்க்கு உணவளிக்கின்றான். பின்னர் மழை பொழிந்து நாடு செழிக்க, உண்பாரின்றி அப்பாத்திரம் பயனற்றுப் போகின்றது. மணிபல்லவத்திலே தனித்து விடப்பட்ட அவன், பலருக்கு ஊட்டும் பாத்திரத்தைத் தன்னொருவன் வயிற்றுக்காகப் பயன்படுத்த விரும்பாது அதனைக் கோமுகிப் பொய்கையில் விட்டு உண்ணாதிருந்து உயிர் துறக்கின்றான். பசித்தவர் இல்லாத இடத்தில் அப்பொருளுக்குப் பெறுமதி இல்லை. தனியொருவனின் உடைமையாக இருத்தற்கும் அதற்கு உரிமை இல்லை. அமுதசுரபிக்கு எவரும் விலை கேட்டதாகக் காவியம் கூறவில்லை.

4

இப்பொழுது நாம் அமெரிக்கக் களஞ்சியத்தின் அமுதசுரபியை நோக்குவோம். 1985ஆம் ஆண்டு வெளியான 'அன்ஏர்த்ட் ஆர்கானா' என்னும் துணைநூலில் 'மேர்லிண்டின் கரண்டி' என்னும் பொருள் காணப்படுகின்றது. தோற்றத்தில் மிக எளிய கரண்டி. வெறும் பாத்திரமொன்றில் இட்டால் அது கூழால் நிறையும். அக்கூழ் உயிர்வாழ்வதற்கு வேண்டிய சத்துகள் யாவும் உடையது. நாளொன்றுக்கு நால்வரின் பசியைத் தீர்க்கும். சுவையோ வெதுவெதுப்பாக நனைந்த காகித அட்டையின் சுவை. டிராகன்களும் மாய மாளிகைகளும் நிறைந்த ஓர் உலகிற் பசி தீர்க்கும் பொருளுக்கு வழங்கப்பட்ட சுவை இதுவென்பது மனங்கொள்ளத்தக்கது. வாள் சுடர்விடுகின்றது, கூழ் அட்டையாகச் சுவைக்கின்றது. வறியோர்க்கு இலவசமாகக் கிடைப்பது சுவையாக இருத்தலாகாது என்ற தருமச்சாலை ஒழுக்கம் இந்நகைச்சுவையின் பின்னே ஒலிப்பதை நாம் கேட்கின்றோம்.

2000ஆம் ஆண்டு வெளிவந்த மூன்றாம் பதிப்பு இக்கரண்டிக்கு 5,400 பொற்காசு விலை நிர்ணயித்தது. அப்பதிப்பின் சிறப்பு யாதெனில், விலைகளை அது மனம்போனவாறு இடவில்லை, சூத்திரத்தால் இட்டது. பொருளின் அடிப்படையாகவுள்ள மந்திரத்தின் மட்டம், அதனைப் பிரயோகிப்பவனின் படிநிலை, பயன்படுத்தும் முறைக்குரிய ஒரு மாறிலி ஆகியவற்றைப் பெருக்கி விலை காணப்படும். உணவும் நீரும் ஆக்கும் மந்திரத்தின் மட்டம் 3. பிரயோகிப்பவனின் படிநிலை 5. மாறிலி 1,800. பெருக்கினால் 27,000. நாளுக்கு ஒருமுறை மட்டுமே பயன்படுவதால் ஐந்தால் வகுக்க 5,400. மூலப்பொருட் செலவு இதன் அரைவாசி. ஆயிரம் பொற்காசுக்கு ஒருநாள் வீதம் உழைப்பு நேரம். இவற்றுக்கு மேலாக, ஆக்குவோன் விலையின் இருபத்தைந்தில் ஒரு பங்கை, அதாவது 216 அனுபவப் புள்ளிகளைத் தன்னிலிருந்து இழக்கவேண்டும்.

இக்கடைசி விதி ஆழ்ந்த கவனத்துக்குரியது. அனுபவப் புள்ளி என்பது அப்பாத்திரம் வாழ்ந்து ஈட்டியது. ஒருவகையில் அதன் வாழ்வே. அவ்வாழ்வின் ஒரு பகுதி கழன்று பொருளினுட் சென்று உறைகின்றது. பொருள் விற்கப்பட்டபின் அது திரும்புவதில்லை. உயிருள்ள உழைப்பு பண்டத்தினுள் இறந்த உழைப்பாக உறைகின்றது என்ற மார்க்சின் கருத்தை விளையாட்டு விதியொன்று இவ்வளவு நேரடியாக வெளியிடுதல் வியப்புக்குரியது. மந்திரம் தானாகவே உண்டாகின்றது என்ற பழைய பட்டியல்களின் மயக்கத்தை மூன்றாம் பதிப்பு ஒருகணம் கலைத்தது. பண்டத்தின் பின்னே ஒரு மனிதன் இருப்பது தெரிந்தது.

ஒருகணம் மட்டுமே. ஏனெனில் அம்மனிதன் யார் என்ற வினாவுக்கு அதே நூல் தரும் விடை வேறு. பயிற்சியற்ற கூலியாளின் நாட்கூலி ஒரு வெள்ளிக்காசு. பத்து வெள்ளிக்காசு ஒரு பொற்காசு. மிகத் தாழ்ந்த தரத்து உணவுக்கு நாளொன்றுக்கு ஆகும் செலவும் ஒரு வெள்ளிக்காசே. அதாவது, கூலியாள் நாள் முழுவதும் உழைத்துத் தன்னொருவனின் கூழுக்கே ஈட்டுகின்றான். உடைக்கும் கூரைக்கும் குழந்தைக்கும் அதில் எதுவுமில்லை. கரண்டியின் விலையோ 54,000 வெள்ளிக்காசு. ஒரு காசும் செலவிடாது சேர்த்தாலும் அவனுக்கு ஏறத்தாழ 148 ஆண்டுகள் வேண்டும். நால்வர் கொண்ட குடும்பமொன்று எவ்வாறாயினும் அதனைப் பெற்றுவிட்டது என்று கொள்வோம். நாளொன்றுக்கு மீதமாகும் நான்கு வெள்ளிக்காசால் அதன் விலை ஈடாவதற்கு 13,500 நாட்கள், அதாவது ஏறத்தாழ 37 ஆண்டுகள் செல்லும். அதனை ஆக்கியவனோ மூலப்பொருட் செலவு போக மீதமுள்ள 2,700 பொற்காசை ஆறு நாட்களுக்கு மேற்படாத வேலையில் ஈட்டுகின்றான். சராசரியாகப் பார்த்தால் அவனது ஒருநாள், கூலியாளின் 4,500 நாட்களுக்குச் சமம். இது உழைப்பின் ஊதியமன்று. அறிவை ஏகபோகமாக வைத்திருப்பவன் அறவிடும் வாரம்.

அதுமட்டுமன்று. அப்பதிப்பு ஒவ்வொரு குடியிருப்புக்கும் ஒரு விலை உச்சவரம்பை விதிக்கின்றது. எண்பது பேருக்கு மேற்படாத குக்கிராமத்தில் 40 பொற்காசுக்கு மேற்பட்ட எதுவும் விற்பனைக்கு இல்லை. ஐயாயிரம் பேர்வரை வாழும் பட்டினத்தில் வரம்பு 3,000. எனவே பசி தீர்க்கும் கரண்டி, ஐயாயிரம் பேருக்கு மேற்பட்ட நகரத்திலேயே முதன்முதலாகக் கடைக்கு வருகின்றது. தானியம் விளையும் கிராமத்தில் அதற்கு இடமில்லை. நகரத்துக்கும் நாட்டுப்புறத்துக்கும் உள்ள முரண்பாட்டை இந்த அட்டவணை எவ்வித கூச்சமுமின்றி எண்களில் எழுதிவைத்துள்ளது.

5

இங்கு நியாயமான ஆட்சேபனை ஒன்று எழும். இவ்விலைகள் பொருளாதாரம் அல்ல, விளையாட்டின் சமநிலைக்காக இடப்பட்டவை. ஒரு வீரனிடம் அவனது படிநிலைக்கு மிஞ்சிய வலிமை சேராதவாறு காப்பதே அவற்றின் நோக்கம். கூலியாளின் நாட்கூலியோடு அவற்றை ஒப்பிடுவது சதுரங்கத்திற் காலாளின் சம்பளத்தைக் கேட்பதற்கு ஒப்பாகும் என்பர்.

ஆட்சேபனையின் முற்பகுதியை நாம் ஏற்கின்றோம். விலைகளின் நேரடி நோக்கம் அதுவே. ஆயினும் சதுரங்க நூல் எதுவும் காலாளுக்கு நாட்கூலி விதித்ததில்லை, இந்நூல் விதித்தது. கூலியையும் கூழையும் கரண்டியையும் ஒரே நாணயத்தால் அளந்தது நாமல்ல. அன்றியும், 'சமநிலை' என்பது யாருக்கிடையிலான சமநிலை? இரண்டாம் படியிலுள்ள வீரனுக்கு 900, இருபதாம் படியிலுள்ளவனுக்கு 760,000 பொற்காசுச் சொத்து இருத்தல் தகும் என்று அந்நூலின் மற்றோர் அட்டவணை கூறுகின்றது. சொத்தாளரிடையே நீதி நிலவவேண்டும் என்பதில் அது நுணுக்கமான அக்கறை காட்டுகின்றது. கூலியாள் அச்சமநிலைக்குப் புறம்பானவன். பின்னணிக் காட்சியில் நிற்கும் மரத்தைப் போன்றவன்.

பிந்திய பதிப்புகள் இச்சிக்கலிலிருந்து வெளியேற முயன்றுள்ளன. 2008இல் வெளிவந்த நான்காம் பதிப்பு ஆக்குவோனின் அனுபவ இழப்பை நீக்கிற்று. அதனுடன் பண்டத்தின் பின்னே தெரிந்த மனிதனும் மறைந்தான். பொருளைக் கரைத்துப் பெறும் 'ரெசிடுவம்' என்னும் மந்திரத் தூள் அவ்விடத்துக்கு வந்தது. விலையின் ஐந்தில் ஒரு பங்காகக் கரைந்து, வேறெந்தப் பொருளாகவும் மாறத்தக்க அத்தூள், எல்லாப் பண்டங்களுக்கும் பொதுச் சமவிலையான பணத்தின் மாய வடிவமேயாகும்.

2014இன் ஐந்தாம் பதிப்பு திட்டமான விலைகளைக் கைவிட்டு, 'சாதாரணம்' என்பதிலிருந்து 'புராணப் புகழுடையது' என்பதுவரை அருமையின் ஐந்து தரங்களை வகுத்தது. விலை நீங்கியதால் வியப்பு மீண்டது என்று பலர் மகிழ்ந்தனர். ஆனால் அருமை என்பது யாது? 1977ஆம் ஆண்டின் அரக்கர் நூலில் இதையொத்த சொற்கள், ஒரு மிருகம் எத்துணை அடிக்கடி காணப்படும் என்பதையே குறித்தன. 1993இல் விசார்ட்ஸ் ஒவ் த கோஸ்ட் நிறுவனம் வெளியிட்ட 'மஜிக்' அட்டை விளையாட்டில் அருமைத் தரங்கள், மூடிய பொதியில் எத்தனை அட்டை எத்தரத்தது என்பதை வரையறுத்தன. அங்கு அருமை திட்டமிட்டு ஆக்கப்பட்ட தட்டுப்பாடு. 1997இல் அந்நிறுவனமே ரி.எஸ்.ஆரை வாங்கிற்று. ஐந்தாம் பதிப்பின் தரங்கள் எதிலிருந்து வந்தன என்று வாதிடுவது எமது நோக்கமன்று. விலையை அழித்துவிட்டு அருமையை எழுதுபவர், உழைப்பை மறைத்துத் தட்டுப்பாட்டை மட்டும் இயற்கையின் குணமாகக் காட்டுகின்றார் என்பதே எமது வாதம். 2024ஆம் ஆண்டுக் கைநூலில் ஒவ்வொரு தரத்துக்கும் திட்டமான விலை, 100 தொடக்கம் 200,000 பொற்காசுவரை, மீண்டும் அமர்ந்திருப்பதில் வியப்பில்லை. சந்தையை அட்டவணையிலிருந்து நீக்குவதால் அது சிந்தனையிலிருந்து நீங்கிவிடுவதில்லை.

6

இதுவரை நாம் கூறியவற்றிலிருந்து இந்நூல்கள் பண்டச் சிந்தனையின் கண்ணாடி மட்டுமே என்று வாசகர் முடிவு செய்தால் அது தவறாகும். கரண்டிக்கு மற்றொரு வரலாறு உண்டு.

மேர்லிண்ட் என்பது கற்பனைப் பெயர். ஆனால் அதன் பின்னே ஓர் உண்மை மனிதர் உள்ளார். கைகாக்சின் இளமைக்கால நண்பர் டொன் கே தொடக்கக்கால ஆட்டங்களில் ஏற்ற பாத்திரத்தின் பெயரே மேர்லிண்ட். 1973இல் இருவரும் சேர்ந்து ரி.எஸ்.ஆர். நிறுவனத்தைத் தொடங்கினர். 1975ஆம் ஆண்டு கே இளவயதிற் காலமானார். பத்தாண்டுகளின் பின் வெளிவந்த நூலில் அவரது பாத்திரத்தின் பெயர் ஒரு கரண்டிக்கு இடப்பட்டிருந்தது. மோர்டன்கைனன் முதலிய வேறு பல பெயர்களும் இவ்வாறே அச்சிற்றூரின் மேசையைச் சுற்றி அமர்ந்தோரின் பாத்திரப் பெயர்களாகும். களஞ்சியம் என்று இன்று விற்கப்படுவது முதலில் நண்பர் குழாமொன்றின் கூட்டு ஆக்கம். அதன்பின் அது சஞ்சிகைக்கு எழுதியனுப்பிய எண்ணற்ற வாசகரின் கூட்டு ஆக்கம். அதன் மூலப்பொருளோ அதனினும் பொதுவானது. பறக்கும் கம்பளமும் புட்டியில் அடைபட்ட ஜின்னும் அரபுக் கதைகளிலிருந்து வந்தன. தலைகொய்யும் வாளின் பெயர் லூயிஸ் கரோலின் 1871ஆம் ஆண்டு நூலிலிருந்து வந்தது. தலையைச் சுற்றி மிதக்கும் மணிகள் ஜாக் வான்ஸின் கதையிலிருந்து வந்தன.

இக்கூட்டுச் சொத்து எவ்வாறு தனிச்சொத்தாயிற்று என்பதையும் கரண்டியே காட்டுகின்றது. 2000ஆம் ஆண்டில் விசார்ட்ஸ் நிறுவனம் ஒரு திறந்த உரிமப் பத்திரத்தின் கீழ் விதிகளைப் பிறரும் பயன்படுத்த அனுமதித்தது. ஆனால் பாத்திரப் பெயர்கள் நிறுவனத்தின் சொத்தாக விலக்கப்பட்டன. எனவே பொதுவில் விடப்பட்ட ஆவணத்தில் அது மேர்லிண்டின் கரண்டி அன்று. 'உயிர்தாங்கும் கரண்டி' மட்டுமே. விலை 5,400 மாறவில்லை, சுவையும் மாறவில்லை. இறந்த நண்பரின் நினைவு மட்டும் கழற்றி எடுக்கப்பட்டுப் பெட்டகத்தில் வைக்கப்பட்டது. பொதுமக்களுக்கு விடப்பட்டது சூத்திரம்; நிறுவனம் வைத்துக்கொண்டது பெயர்.

1999இல் ஹஸ்ப்ரோ என்னும் பெரும் விளையாட்டுப்பொருள் நிறுவனம் விசார்ட்ஸை வாங்கிற்று. 2022இல் இவ்விளையாட்டுக்கான 'டி அன்ட் டி பியொண்ட்' என்னும் கணினிச் சேவையை 146.3 மில்லியன் டொலருக்கு வாங்கிற்று. அச்சேவையில் முழுநூலை வாங்காது மந்திரப் பொருளொன்றை மட்டும் தனியே உண்மைப் பணத்துக்கு வாங்கும் வசதி இருந்தது. 2024இல் அது நிறுத்தப்பட்டது. கற்பனைப் பொற்காசில் விலை எழுதப்பட்ட பொருள், உண்மை டொலரில் விலை எழுதப்பட்ட பொருளாக மாறியமை இந்நூல்வகையின் வரலாற்றின் தர்க்கரீதியான நிறைவு எனலாம்.

ஆயின் வரலாறு ஒருதிசையில் மட்டும் செல்வதில்லை. 2023 ஜனவரியிற் பழைய திறந்த உரிமத்தை மாற்றி, பெரும் வருவாய் ஈட்டும் பிற வெளியீட்டாளரிடம் பங்கு அறவிடும் நகல் ஒன்று கசிந்தது. ஆடுவோரும் எழுதுவோரும் பெருந்தொகையாக எதிர்த்தனர். பலர் மேற்கூறிய சேவைக்கான தம் சந்தாவை நிறுத்தினர். அம்மாதம் முடியுமுன்னரே நிறுவனம் பின்வாங்கி, அடிப்படை விதி ஆவணத்தைப் படைப்புப் பொதுமத்தின் கீழ் மீளப்பெறமுடியாதவாறு விட்டது. நுகர்வோரின் எதிர்ப்புத்தான் அது. வர்க்கப் போராட்டம் என்று பெயரிட்டு நாம் அதனைப் பெருப்பிக்க விரும்பவில்லை. அதே ஆண்டு டிசெம்பரில் ஹஸ்ப்ரோ ஏறத்தாழ 1,100 பேரை வேலைநீக்குவதாக அறிவித்தபோது அந்நீக்கம் நிற்கவில்லை. நீக்கப்பட்டோருள் இவ்விளையாட்டின் நூல்களை ஆக்கியோரும் இருந்தனர். விதிகளின் உரிமைக்காகத் திரண்டோரின் வலிமை, அவ்விதிகளை எழுதியோரின் வேலையைக் காப்பாற்றப் போதவில்லை. கொல்லன் களஞ்சியத்துள் மட்டுமன்றி அதன் வெளியேயும் மறக்கப்பட்டான்.

7

இந்நூல்களை நாம் எவ்வாறு மதிப்பிடுவது? தப்பியோடல் என்று ஒதுக்குவோருக்கு எமது விடை, இவற்றில் தப்பியோடல் போதாது என்பதே. தப்பியோடியவர் கூலி விகிதத்தையும் வாரத்தையும் ஏகபோகத்தையும் மூட்டைகட்டித் தம்முடன் எடுத்துச்சென்றனர். கட்டற்ற கற்பனை என்று போற்றுவோருக்கும் எமது விடை அதுவே. பறக்கும் கம்பளத்தைக் கற்பனை செய்யமுடிந்தவர்க்கு, கூலியாளின் குழந்தை வயிறார உண்ணும் ஒரு நாளைக் கற்பனை செய்து அட்டவணையில் எழுத இயலவில்லை. குறை தனிமனிதரின் திறமையில் இல்லை. எதனைச் சாத்தியமென எண்ணலாம் என்பதற்கு ஒரு சமூகம் இடும் எல்லையில் உள்ளது.

எனினும் ஏடு வேறு, ஆட்டம் வேறு. கூத்தின் ஏடு கூத்தாகிவிடுவதில்லை என்பதை எமது வாசகருக்குச் சொல்லவேண்டியதில்லை. விதிநூல் கரண்டிக்கு விலை இடலாம். மேசையைச் சுற்றி அமர்ந்தோர் அதனை விற்றே தீரவேண்டும் என்று எந்த விதியும் இல்லை. 1979ஆம் ஆண்டின் அந்த வாளை 2,000 புள்ளிக்கு விற்காது 400 புள்ளிக்கு ஏந்தி நின்றவரும் இருந்திருப்பர். ஒரு கரண்டியைப் பெற்ற குழுவினர் அதனைப் பஞ்சம் நிலவும் கிராமமொன்றின் நடுவே வைத்துவிட்டுச் செல்லத் தீர்மானித்தால், அக்கணத்தில் அவர்கள் ஆடுவது அட்டவணையை அன்று. ஆபுத்திரனையும் கிறிம் கதையின் சகோதரரையும் படைத்த அந்தப் பழைய ஆசையையே ஆடுகின்றனர். ஆனால் நாளொன்றுக்கு நால்வருக்கே அக்கரண்டி உணவளிக்கும். ஐந்தாமவருக்கு யார் உணவளிப்பது என்ற வினா அம்மேசையில் எழுமாயின், அது மந்திரத்தால் விடைகாணத்தக்க வினாவன்று. அவ்வினாவை எழுப்பத்தக்க ஆட்டமும், அதனை எழுப்பக் கற்பிக்கும் விமர்சனமுமே எமக்கு வேண்டியன.